பழைய லேப்டாப்பை இரண்டாவது ஸ்கிரீனாக்கும்போது: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

மழை விட்ட ஒரு மத்தியானம். தோட்டத்து ஆபிஸ் கிராணி (கணக்கெழுதுபவர்) ஒருவர் இரண்டு லேப்டாப்பையும் ஒரு எச்டிஎம்ஐ கேபிளையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு கடைக்குள் வந்தார்.

“தம்பி, கேபிள் நல்ல கேபிள் லா. டிவியில போட்டா படம் வருது. இந்தப் பழசுல மட்டும் ஒண்ணும் வரமாட்டுது. ஸ்கிரீன் போயிருச்சான்னு பாரு.”

ஸ்கிரீன் போகவில்லை. லேப்டாப்பும் நன்றாகவே இருந்தது. அவர் கேட்டதுதான் அந்தக் கேபிளால் முடியாத காரியம்.

அவருக்கு எதற்கு இரண்டு ஸ்கிரீன் என்று கேட்டேன். செக்ரோல், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வேலை, சம்பளக் கணக்குப் பதிவேடு. ஒரு மாதத்துக்கு 31 கட்டம், அதற்கு முன்னால் பேர், நம்பர், பின்னால் குலை எண்ணிக்கை, எடை, கழிவு. ஒரு ஸ்கிரீனில் 15-ஆம் தேதி வரைதான் தெரிகிறது. அந்தப் பக்கம் தள்ளினால் பேர் மறைந்துபோகிறது, ஒருவர் கணக்கு இன்னொருவர் வரிசையில் ஏறிவிடுகிறது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது. (ஊர் இப்போது பெஸ்தாரி ஜெயா. வாயில் வருவது பழைய பேர்தான்.) அன்றைக்குக் கிராணிமார் மேசை அகலத்துக்குப் புத்தகத்தை விரித்து வைத்து எழுதினார்கள். இன்றைக்கு அந்த மேசையை 14 இஞ்சுக்குள் அடக்கச் சொல்கிறோம்.

பழைய லேப்டாப் இல்லாத வீடு இப்போது குறைவு. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பிள்ளைகள் படிப்புக்காக வாங்கியது அலமாரி மேல் கிடக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், 11-க்கு ஏற முடியாத மெஷின்களைத் தூக்கிப் போடவும் மனம் வராமல், வைத்து ஓட்டவும் பயந்து கடைக்குக் கொண்டு வருகிறார்கள். அதில் பேங்க் வேலை வேண்டாம், மற்றதன் ஸ்கிரீனாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை.

கீழே வேலை நடக்கும் லேப்டாப்பை “மெயின்” என்றும், ஸ்கிரீனாகப் போவதைப் “பழசு” என்றும் சொல்கிறேன். எந்தக் கோளாறாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது: இரண்டும் ஒன்றையொன்று பார்க்கிறதா, பார்த்தது சேருகிறதா, சேர்ந்தது தங்குகிறதா. எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் செட்டிங்ஸுக்குள் போனால், சரியாக இருந்ததையும் மாற்றிவிட்டு வெளியே வருவோம்.

கேபிள் மாட்டியாச்சு, பழசில் ஒன்றும் வரவில்லை

லேப்டாப்பில் இருக்கும் எச்டிஎம்ஐ ஓட்டைக்கு வாய் உண்டு, காது கிடையாது. படத்தை வெளியே அனுப்பும், உள்ளே வாங்காது. இரண்டு லேப்டாப்பையும் அந்தக் கேபிளால் இணைத்தால் இரண்டு பேரும் பேசுகிறார்கள், கேட்க ஆளில்லை. விஜிஏ கேபிளும் அப்படித்தான். யூஎஸ்பி-சி கேபிளை நடுவே போட்டாலும் பழசு மானிட்டர் ஆகிவிடாது. கேபிளை மாற்றுவதும் டிரைவரை அப்டேட் செய்வதும் இங்கே வீண் வேலை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சில ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டர்களில் எச்டிஎம்ஐ-இன் என்று தனியாக எழுதிய ஓட்டை இருக்கும். அந்த “இன்” என்ற எழுத்து இருந்தால் கேபிள் போதும், பக்கவாட்டுப் பட்டனை அழுத்தி இன்புட்டை மாற்றினால் படம் வந்துவிடும்.

கேபிளில்தான் வேண்டும் என்றால் கேப்சர் கார்டு என்ற சின்ன யூஎஸ்பி கட்டை தேவை. அதைப் பழசில் செருகி, மெயினின் எச்டிஎம்ஐ-ஐ அதில் மாட்டினால், பழசு அதை ஒரு வெப்கேம் மாதிரி நினைத்துக்கொள்ளும். கேமரா ஆப்பிலோ, இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் ஸ்டூடியோவிலோ திறந்து முழு ஸ்கிரீனாக்கிவிடலாம். மெயின் அதை நிஜ மானிட்டர் என்றே நம்பும். ஆனால் மவுஸ் கொஞ்சம் பின்தங்கி நகரும். நாளெல்லாம் எக்செல் பார்க்கிறவருக்கு அந்த இழுவை தலைவலி. சிசிடிவி பெட்டியின் படத்தைப் பழைய லேப்டாப்பில் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இது அருமையான வழி.

மற்றவர்களுக்கு வைஃபைதான் வழி. கிராணியிடமும் அதைத்தான் சொன்னேன். “அப்ப கேபிள் காசு போச்சா?” என்றார். டிவிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

விண்டோஸ் பட்டனும் கே-யும் அழுத்தினால் பழசின் பேரே வரவில்லை

மெயினில் அந்த இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால், வைஃபையில் சேரக்கூடிய ஸ்கிரீன்களின் பட்டியல் வர வேண்டும். பாதிப் பேர் நிற்பது இந்த இடத்தில்தான்.

விண்டோஸில் மிராகாஸ்ட் என்ற வசதி இருக்கிறது. வைஃபை அலையன்ஸ் 2012-ல் கொண்டு வந்தது. மெயின் அனுப்பும், பழசு வாங்கும். அனுப்புவது பெரும்பாலான மெஷினில் தயாராக இருக்கும். வாங்குவதைத்தான் நாம் ஏற்ற வேண்டும். பழசில் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் “புரொஜெக்டிங் டு திஸ் பிசி” பக்கத்துக்குப் போங்கள். எல்லாம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தால் “வயர்லெஸ் டிஸ்ப்ளே” என்ற கூடுதல் வசதி இன்னும் ஏறவில்லை என்று பொருள். ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பக்கத்தில் அந்தப் பேரைத் தேடி ஏற்றுங்கள்.

கிராணியின் மெஷினில் அது ஏறவில்லை. பாதி ஓடி, “இன்ஸ்டால் ஃபெயில்ட்” என்று விழுந்தது. மறுபடி, மறுபடியும் அதே. பழசு எந்த வைஃபையில் இருக்கிறது என்று பார்த்தால், கடை வைஃபையில் இல்லை, அவர் சட்டைப் பையில் இருந்த போனின் ஹாட்ஸ்பாட்டில். டேட்டா மிச்சம் பிடிக்க அவர் மகன் அந்த ஹாட்ஸ்பாட்டை “மீட்டர்ட் கனெக்ஷன்” என்று போட்டு வைத்திருந்தான். அப்படிப் போட்டால் விண்டோஸ் கஞ்சனாகிவிடும், இந்த மாதிரிக் கூடுதல் வசதிகளை இறக்காது. வைஃபை பேரைத் தட்டி, அந்த மீட்டர்ட் சுவிட்சை அணைத்தேன். அடுத்த முறை ஏறிவிட்டது. லயத்திலும் தோட்டத்து வீடுகளிலும் ஹாட்ஸ்பாட்டை நம்பியே ஓட்டுகிறவர்கள் இதை முதலில் பாருங்கள்.

ஏறிய பிறகு அதே பக்கத்தில் மேலே இருக்கும் தேர்வை “அவெய்லபிள் எவ்ரிவேர்” என்று மாற்றுங்கள். கடைசி வரியையும் படியுங்கள்: சார்ஜரில் இருந்தால் மட்டுமே இந்த மெஷின் மற்றவர் கண்ணுக்குத் தெரியும் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். “காலையில வந்துச்சு, சாயங்காலம் காணோம்” என்பவர்களில் பலருக்குக் காரணம் அதுதான். அணைத்துவிடுங்கள், அல்லது சார்ஜரைக் கழற்றாதீர்கள். பிறகு பழசில் அந்த ஆப்பையே திறந்து வைத்துக் காத்திருங்கள். விண்டோஸ் 10-ல் அதன் பேர் “கனெக்ட்”, 11-ல் “வயர்லெஸ் டிஸ்ப்ளே”.

இன்னும் பேர் வரவில்லையா? இரண்டு மெஷினிலும் வைஃபை எரிகிறதா பாருங்கள். லேன் கேபிளில் இன்டர்நெட் வருகிறது என்று வைஃபையை அணைத்து வைத்தால் இந்த வேலை பெரும்பாலும் நடக்காது. மிராகாஸ்ட்டுக்கு இன்டர்நெட் தேவையில்லை, வைஃபை ரேடியோ தேவை.

மெயினில் “உங்கள் கருவி மிராகாஸ்ட்டை ஏற்காது” என்ற வாசகம் வந்தால் அடம் பிடிக்காதீர்கள். சந்தேகமிருந்தால் ஸ்டார்ட்டில் டிஎக்ஸ்டயாக் என்று தட்டி, வரும் தகவலை ஃபைலாகச் சேமித்து, அதில் மிராகாஸ்ட் வரியைத் தேடுங்கள். குறை வைஃபை டிரைவரிலா, கிராஃபிக்ஸ் டிரைவரிலா என்று அதுவே சொல்லும். டிரைவரைப் புதுப்பித்தும் மாறவில்லை என்றால் கீழே சொல்லும் ஸ்பேஸ்டெஸ்க் என்ற மென்பொருளுக்குப் போய்விடுங்கள்.

பேர் வருகிறது, தட்டினால் சேரமாட்டேன் என்கிறது

முதலில் பழசின் ஸ்கிரீனைப் பாருங்கள். யாரோ இணைய வருகிறார்கள், அனுமதிக்கவா என்று மூலையில் ஒரு கேள்வி வந்திருக்கும். எல்லாரும் மெயினையே முறைத்துக்கொண்டிருப்பதால் அது கேட்டுக் கேட்டு மறைந்துபோகும்.

கேள்வியே வரவில்லை என்றால் ஃபயர்வால். உங்கள் வீட்டு வைஃபையை விண்டோஸ் “பப்ளிக்” என்று எண்ணிக்கொண்டால், பசாரில் நிற்கிற மாதிரி கதவைச் சாத்திக்கொள்ளும். வைஃபை பேரின் பிராபர்ட்டீஸில் அதை “பிரைவேட்” ஆக்குங்கள், இரண்டு மெஷினிலும். போதாவிட்டால் ஃபயர்வாலில் அனுமதித்த ஆப்களின் பட்டியலில் “வயர்லெஸ் டிஸ்ப்ளே” வரிக்கு டிக் போடுங்கள். வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் அதன் ஃபயர்வால் தனி, அதையும் பார்க்க வேண்டும். விபிஎன் ஓடினால் நிறுத்திவிட்டு முயலுங்கள்.

கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் இந்தச் சுவிட்சுகள் பூட்டியிருக்கும். அதை உடைக்கச் சொல்லி என்னிடம் வராதீர்கள், ஐடி ஆளிடம் கேளுங்கள்.

மிராகாஸ்ட் ஒத்துவரவில்லை, வேறு வழி?

ஸ்பேஸ்டெஸ்க். மெயினில் அதன் டிரைவர், பழசில் படத்தை வாங்கிக் காட்டும் அதன் வியூவர். மெயின் கண்டிப்பாக விண்டோஸாக இருக்க வேண்டும். பழசில் லினக்ஸ் போட்டவர்களுக்கும் கவலை இல்லை, பிரவுசர் வழியாகவே பார்க்கும் வசதி அதில் உண்டு. பழைய டேப்லெட்டையும் இப்படியே மானிட்டராக்கலாம்.

வியூவரில் மெயின் தெரியவில்லை என்றால் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இல்லை என்பதே முதல் சந்தேகம். ஒன்று வீட்டு வைஃபையிலும் மற்றது கெஸ்ட் வைஃபையிலும் இருந்தால் ரௌட்டர் நடுவில் சுவர் எழுப்பிவிடும். வெளியூரில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆஸ்டல் வைஃபையில் இதே தொல்லை. பொது வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி வேண்டுமென்றே தடுத்து வைப்பது வழக்கம், பாதுகாப்புக்காக. அங்கே உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இரண்டையும் அதில் சேருங்கள். படம் இரண்டு மெஷினுக்குள்ளேயே ஓடுவதால் அதற்காக டேட்டா கரையாது. இதைச் சொன்னால் நம்பாதவர்கள் உண்டு. ஹாட்ஸ்பாட் இருக்கிறதென்று யூடியூப் பார்த்தால் அது வேறு கணக்கு.

ஒரே நெட்வொர்க், ஆனாலும் தெரியவில்லை என்றால் மெயினின் ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அதன் முகவரி) வியூவரில் கையால் தட்டுங்கள். ஃபயர்வாலில் போர்ட் எண் கேட்டால் 28252.

எனக்குப் பிடித்த ஏற்பாடு இதில்தான் இருக்கிறது: இரண்டு லேப்டாப்புக்கும் நடுவே ஒரு சாதாரண லேன் கேபிள். ரௌட்டர் வேண்டாம். முன்பெல்லாம் இதற்கென்று கிராஸ் கேபிள் தேட வேண்டியிருந்தது. இப்போதைய லேன் ஓட்டைகள் தாங்களே மாற்றிக்கொள்கின்றன. மாட்டியதும் ஒரு நிமிடம் பொறுத்தால் இரண்டும் 169.254 என்று தொடங்கும் ஐபி எண்ணைத் தாமே எடுத்துக்கொள்ளும். மெயினின் அந்த எண்ணை வியூவரில் தட்டினால் போதும். விண்டோஸ் இந்தக் கேபிளை முகம் தெரியாத நெட்வொர்க் என்று பப்ளிக்கில் சேர்த்துவிடும், அதனால் ஃபயர்வால் பட்டியலில் ஸ்பேஸ்டெஸ்க்குக்கு பப்ளிக் கட்டத்திலும் டிக் வேண்டும். வைஃபை பாட்டுக்கு இன்டர்நெட்டைப் பார்த்துக்கொள்ளும், படம் கேபிளில் வழுக்கிக்கொண்டு போகும்.

ஒரே படம் இரண்டிலும் வருகிறது

மெயினில் விண்டோஸ் பட்டனும் பி-யும். “எக்ஸ்டெண்ட்” தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான்.

மவுஸ் சுவரில் முட்டி நிற்கிறது

பழசை இடப்பக்கம் வைத்திருப்பீர்கள், விண்டோஸ் அது வலப்பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1, 2 என்று இரண்டு பெட்டி தெரியும். 2-ஐப் பிடித்து மேசையில் இருக்கும் பக்கத்துக்கே இழுத்துப் போடுங்கள். மேல்விளிம்பும் ஒட்டி இருக்கட்டும், இல்லாவிட்டால் மூலையில் மட்டும் மவுஸ் மாட்டிக்கொள்ளும்.

மவுஸ் அந்தப் பக்கம் போகிறது, விண்டோவை இழுத்தால் வரமாட்டேன் என்கிறது

நீங்கள் ஏற்றியது வேறு சாமான். மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ் போன்றவை ஒரு கீபோர்டையும் மவுஸையும் இரண்டு கம்ப்யூட்டருக்குப் பொதுவாக்கும், அவ்வளவே. கம்ப்யூட்டர் இரண்டும் இரண்டாகவே இருக்கும். அந்தப் பக்கம் திறக்கும் ஃபைல் அந்த மெஷினின் ஃபைல். இதுவும் கெட்டதில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் பழசில் ஆன்லைன் கூட்டத்தை ஓடவிட்டு, மெயினில் கேள்வித்தாள் அடிக்கிறார், இரண்டுக்கும் ஒரே கீபோர்டு. அவருக்கு இதுதான் சரி. செக்ரோலை இரண்டு ஸ்கிரீனுக்கு விரிக்க உதவாது.

எழுத்து மங்கல், கண் வலிக்கிறது

பழைய லேப்டாப்புகளில் பாதிக்கு மேல் 1366-க்கு 768 ஸ்கிரீன். மெயின் 1920-க்கு 1080-ல் அனுப்பினால் பழசு அதைச் சுருக்கிக் காட்டும், எக்செல் கோடுகள் மீசை முளைத்த மாதிரி தெரியும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 2-ஐத் தட்டி, ரெசல்யூஷனைப் பழசின் சொந்த அளவுக்கே இறக்குங்கள். இடம் குறையும், கண் தப்பும். கிராணிக்கு நான் இறக்கிக் கொடுத்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “அட, இது 8-ஆ? நான் 6-ன்னு படிச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார்.

படம் இழுக்கிறது, திணறுகிறது

இதற்கு எல்லாரும் லேப்டாப்பைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி காற்றுதான். மெயின் தன் ஸ்கிரீனை வீடியோவாகச் சுருக்கி அனுப்புகிறது, பழசு பிரித்துக் காட்டுகிறது. நடுவில் இருக்கும் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால், பக்கத்து வீட்டு ரௌட்டர், புளூடூத், மைக்ரோவேவ் எல்லாமே அதே சந்தில் நெருக்குகின்றன. இரண்டையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அது சுவரைத் தாண்டுவதில் சோம்பேறி, எனவே ரௌட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள். பழசின் வைஃபை கார்டு 5-ஐப் பிடிக்காத ரகமாக இருந்தால் மேலே சொன்ன லேன் கேபிளை விட நல்ல மருந்து இல்லை.

எல்லாம் செய்தும் மவுஸில் ஒரு நூல் இழுவை இருக்கத்தான் செய்யும். எக்செல், பிடிஎஃப், வாட்ஸ்அப் பக்கம், எல்லாம் தாராளமாக வைக்கலாம். கேம் விளையாட நினைப்பவர்கள் மானிட்டர் வாங்கிக்கொள்வது நல்லது. படம் பார்க்கும் தளங்களில் வீடியோ மட்டும் கறுப்பாகத் தெரிந்தால் அது நகல் எடுக்காமலிருக்க அந்தத் தளம் போட்ட பூட்டு, உங்கள் ஏற்பாட்டில் கோளாறு இல்லை.

நன்றாக ஓடி, கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடுகிறது

பழசை யாரும் தொடுவதில்லை. அதனால் அது தூங்கிவிடுகிறது. பவர் செட்டிங்ஸில் ஸ்கிரீன், ஸ்லீப் இரண்டையும் “நெவர்” ஆக்கி, சார்ஜரிலேயே விடுங்கள். மறைந்த கணமே அங்கே இருந்த விண்டோக்கள் மெயினுக்குத் தாவி வந்துவிடும், ஃபைல் எதுவும் போகாது.

இடி இடிக்கும் சாயங்காலங்களில் இரண்டு சார்ஜரையும் பிளக்கோடு கழற்றி வையுங்கள், ரௌட்டரையும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. இடிக்கு மறுநாள் கடைக்கு வரும் ரௌட்டர்களை எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்.

சத்தம் பழசிலிருந்து வருகிறது

மிராகாஸ்ட் படத்தோடு சத்தத்தையும் தூக்கிக்கொண்டு போகும். மெயினில் கடிகாரம் பக்கத்து ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, மெயினின் ஸ்பீக்கரையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டும் ஆப்பிள்

எங்கள் ஊரில் அரிது, அதனால் சுருக்கமாக. 2021-ல் வந்த மான்டரே முதல், ஒரு மேக்கிலிருந்து இன்னொரு மேக்குக்கு ஏர்பிளே வழியாக ஸ்கிரீனை நீட்டலாம், மெஷின் ரொம்பப் பழசாக இல்லாவிட்டால். பழைய ஐமேக்கைக் கேபிளில் மானிட்டராக்கும் டார்கெட் டிஸ்ப்ளே மோட், 2009 கடைசியில் வந்ததிலிருந்து 2014 நடுவில் வந்தது வரையிலான ஐமேக்குகளில் மட்டும். அதற்குப் பிந்திய ஐமேக்கை “மானிட்டராகவும் ஆகும்” என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

பழசு ஆனே ஆகவில்லை, ஸ்கிரீன் மட்டும் நன்றாக இருக்கிறது

மதர்போர்டு செத்த லேப்டாப்பில் மேலே சொன்ன எதுவும் நடக்காது, வியூவர் ஓட அதற்கும் உயிர் வேண்டுமே. ஆனால் பேனலைக் கழற்றி, கண்ட்ரோலர் போர்டு ஒன்றை மாட்டினால் எச்டிஎம்ஐ-ஐக் காது கொடுத்துக் கேட்கும் நிஜ மானிட்டராகிவிடும். போர்டு பேனலுக்குப் பேனல் மாறும். கேபிள் மாட்டும் இணைப்பு பழைய பேனல்களில் 40 பின் எல்விடிஎஸ் வகை, பிந்தியவற்றில் பெரும்பாலும் 30 பின் ஈடிபி வகை. லேப்டாப்பின் மாடலைச் சொல்லி வாங்கினால் தவறாக வரும், ஒரே மாடலில் இரண்டு மூன்று வகைப் பேனல் போட்டிருப்பார்கள். ஸ்கிரீனைக் கழற்றித் திருப்பினால் பின்னால் ஒரு ஸ்டிக்கரில் பேனலின் சொந்த நம்பர் இருக்கும். அதைப் படம் பிடித்துக் கடைக்காரருக்கு அனுப்பிவிட்டு, பிறகு காசைக் கட்டுங்கள்.